போன் ஏன் பென் டிரைவ் ஆவதில்லை?

பென் டிரைவைக் கணினியில் செருகினால் அடுத்த நொடி அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கிடைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கோப்பை அங்கேயே திறக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம். அதே இடத்தில் ஆண்ட்ராய்டு போனைச் செருகிப் பாருங்கள். முதலில் சார்ஜ் மட்டும் ஏறும். அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட்ட பிறகுதான் போனின் பெயரே கணினித் திரையில் வரும். அப்போதும் டிரைவ் எழுத்து கிடையாது. கேமரா ஃபோல்டரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். படங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். விலை குறைந்த போனிலும் இதுதான், லட்ச ரூபாய் போனிலும் இதுதான். சில நூறு ரூபாய் பென் டிரைவ் சாதாரணமாகச் செய்வதை இவ்வளவு பெரிய கருவியால் செய்ய முடியவில்லையா என்று எரிச்சல் வருவது இயல்பு. உண்மையில் ஆண்ட்ராய்டு போன்களால் அது முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2011இல் தெரிந்தே அதைக் கைவிட்டார்கள். அந்த முடிவு சரியானது. அதை நிறைவேற்ற எடுத்துக்கொண்ட கருவிதான் பழையது. நாம் திட்டவேண்டியது கருவியைத்தான், முடிவை அல்ல.

ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் போனைக் கணினியோடு இணைத்ததும் 'யுஎஸ்பி ஸ்டோரேஜை இயக்கு' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் திரையில் பச்சையாக நின்ற ஆண்ட்ராய்டு பொம்மை ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அந்த நொடியிலிருந்து போனின் மெமரி கார்டு கணினியின் சொத்து. விண்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்து தரும், வேகமும் நன்றாக இருக்கும். விலையைப் போன் கொடுத்தது. கணினியின் பிடியில் கார்டு இருக்கும்வரை போனால் அதைத் தொடவே முடியாது. பாட்டு நின்றுவிடும், கேலரி காலியாகத் தெரியும், படம் எடுத்தால் சேமிக்க இடம் இருக்காது. 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2, செயலிகளையே மெமரி கார்டுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. கார்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை, கணினி கார்டை எடுத்துக்கொள்ளும் கணத்தில் போன் கொன்றாக வேண்டும். அப்படி நின்றுபோகும் செயலியின் அலாரம் அடிக்காது, முகப்புத் திரையில் இருந்த அதன் விட்ஜெட் காணாமல் போகும். செயலி எழுதுபவர்களுக்கு ஆண்ட்ராய்டின் வழிகாட்டிக் குறிப்புகளே இதை எச்சரித்தன.

ஏன் இருவரும் பகிர்ந்துகொள்ளக் கூடாது? கணினியும் பார்க்கட்டும், போனும் பயன்படுத்தட்டும் என்று விட்டால் என்ன? இதற்கு விடை சேமிப்பகம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்ற அந்தப் பழைய முறையில் கணினி, கோப்புகளைக் கேட்பதில்லை. 'இத்தனையாவது கட்டத்தைக் கொடு', 'இத்தனையாவது கட்டத்தில் இதை எழுது' என்று எண் சொல்லிக் கேட்கிறது. எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்குச் சொந்தம், எது காலி என்ற கணக்கு, மெமரி கார்டுகளில் வழங்கும் ஃபேட் முறையில், கார்டின் தொடக்கப் பகுதியில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கார்டிலிருந்து படித்தால் தாமதமாகும் என்பதால் கணினி அந்த அட்டவணையைத் தன் நினைவகத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். போனும் அப்படியே தன் பிரதியை வைத்திருக்கும். இப்போது கணினி ஒரு பாட்டை ஏற்றுகிறது. 5000ஆவது கட்டம் காலி என்று தன் பிரதியில் பார்த்து அங்கே எழுதுகிறது. அதே நேரம் போனில் ஒரு புகைப்படம் எடுக்கப்படுகிறது. போனின் பிரதியிலும் 5000 காலிதான். இரண்டு கோப்புகள் ஒரே கட்டத்தைச் சொந்தம் கொண்டாடும். யார் கடைசியாக எழுதினாரோ அவருடையது நிற்கும், மற்றது கெடும். கெட்டது தெரியக்கூடச் சில நாள் ஆகலாம். அட்டவணையே குழம்பிவிட்டால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லிச் செய்தி வரும்.

சரி, கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும் தந்துவிட்டால்? கேட்பதற்கு நியாயமான யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி, தான் எடுத்துவைத்த பிரதியைத்தான் நம்பிக்கொண்டிருக்கும். போன் ஒரு வீடியோவை நீக்கி அந்தக் கட்டங்களில் வேறொன்றை எழுதிவிட்டால் கணினிக்கு அது தெரிய வழியே இல்லை. அடித்தளத்தில் இருப்பது மாறாது என்ற நம்பிக்கையில்தான் அந்த முறை கட்டப்பட்டிருக்கிறது. பழைய பெயரைச் சொல்லிப் புதிய தரவை வாசித்து, பாதி வீடியோவும் பாதி வேறெதுவுமாக ஒரு கோப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். போனின் சேமிப்பகம் கெடாது, உண்மைதான். கணினிக்குப் போன பிரதியை யார் நம்புவது? ஒரு சேமிப்பகத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே நிர்வாகிதான் இருக்க முடியும். கட்ட எண்ணைச் சொல்லிப் பேசும் எந்த முறையிலும் இதற்கு விலக்கு இல்லை.

நிர்வாகி யார் என்ற கேள்விக்கு ஆண்ட்ராய்டு 2011இல் பதில் சொன்னது. அதுவரை போனின் உள் நினைவகத்தை இரண்டாக வெட்டி வைக்க வேண்டியிருந்தது. 2010 இறுதியில் வந்த நெக்சஸ் எஸ் போனில் 16 ஜிபி நினைவகம் இருந்தது. அதில் 1 ஜிபி செயலிகளுக்கு, 15 ஜிபி கணினிக்குக் கொடுக்கக்கூடிய பகுதி. முதல் பகுதி நிரம்பிவிட்டால் இரண்டாவது பகுதியில் எவ்வளவு காலியிடம் கிடந்தாலும் புதிய செயலி ஏற இடமில்லை என்று போன் சொல்லும். டேப்லெட்களுக்காக 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0, இந்தச் சுவரை இடித்தது. செயலிகளும் படங்களும் ஒரே பெரிய பகுதியில், காலியிடம் எல்லாருக்கும் பொது. அதே ஆண்டின் இறுதியில் ஆண்ட்ராய்டு 4.0உடன் வந்த கேலக்ஸி நெக்சஸ் போனிலும் அதே ஏற்பாடு. நாம் இன்று 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' என்று பார்ப்பது தனி டிரைவ் அல்ல. அந்தப் பெரிய பகுதிக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். அந்தப் பெரிய பகுதியிலேயே வங்கிச் செயலியின் தரவும் வாட்ஸ்அப்பின் உரையாடல் தரவுத்தளமும் இருக்கின்றன. ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று தொடாமல் காப்பதற்கு, யாருக்கு எது சொந்தம் என்று குறித்துவைக்கும் கோப்பு முறை தேவை. ஃபேட் முறையில் அந்த வசதியே இல்லை. ஆகவே லினக்ஸ் உலகின் இஎக்ஸ்டி4 போன்ற முறைகள் வந்தன, அவற்றை விண்டோஸ் படிக்காது. ஆண்ட்ராய்டு 7.0 முதல் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டு மொழியில் மாற்றப்படும் முறையும் சேர்ந்துகொண்டது. இன்று யாராவது பிடிவாதமாகப் போனை டிரைவாக மாற்றிக் கணினியிடம் கொடுத்தாலும், கணினிக்குக் கிடைப்பது வாசிக்க முடியாத எண் குப்பைதான். பழைய முறைக்குத் திரும்பும் பாதை அடைபட்டுவிட்டது.

மாற்றாக வந்ததுதான் எம்டிபி, அதாவது மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குவது போன்றது இது: ஆவண அறைக்குள் நாம் போக முடியாது, சர்வே எண்ணை எழுதி விண்ணப்பம் கொடுத்தால், உள்ளே இருப்பவர் தேடிப் பார்த்துச் சான்றை வெளியே தருவார். எம்டிபியில் கணினி கட்ட எண்ணைச் சொல்வதில்லை. 'உன்னிடம் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன?' என்று கேட்கிறது. போன் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துப் பட்டியல் தருகிறது. இந்தப் பேச்சைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். கணினி அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் 12 பைட் தலைப்பு உண்டு. முதல் 4 பைட்டில் மொத்த நீளம், அடுத்த 2இல் இது கட்டளையா, தரவா, பதிலா என்ற குறிப்பு, அடுத்த 2இல் கட்டளையின் எண், கடைசி 4இல் இந்தப் பரிமாற்றத்தின் வரிசை எண். பதினாறு அடிமான எண்முறையில் 1007 என்றால் பட்டியல் கொடு. 1008 என்றால் இந்தப் பொருளின் பெயர், அளவு, தேதி சொல். 1009 என்றால் பொருளையே அனுப்பு. 100க்குப் பின் பி என்று வந்தால் அழித்துவிடு. போன் ஒவ்வொன்றையும் செய்து முடித்து, 2001 என்று பதில் அனுப்பினால் 'ஆயிற்று' என்று பொருள். அந்தப் பதில் வரும்வரை கணினி அடுத்த கட்டளையை அனுப்பக் கூடாது. கட்ட அட்டவணையைக் கணினி ஒருபோதும் பார்ப்பதில்லை. அது போனின் கையில்தான் எப்போதும் இருக்கிறது. நீங்கள் கோப்பை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே அதே போனில் புகைப்படம் எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம், எதுவும் கெடாது. இடையில் கேபிளைப் பிடுங்கினாலும் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு கோப்பு மட்டும்தான் அரைகுறையாக நிற்கும். பென் டிரைவுக்கு 'பாதுகாப்பாக நீக்கு' என்று கேட்பதுபோல் போனுக்கு வற்புறுத்தாததன் காரணம் இதுவே.

இனி விலைக்கு வருவோம். கேபிள் மந்தம் என்று எல்லாரும் சொல்வது பாதிதான் உண்மை. யுஎஸ்பி 2.0இன் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 35 கிடைத்தாலே நல்லது. அந்தக் கணக்கில் 4 ஜிபி அளவுள்ள ஒரே சினிமாக் கோப்பு ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் போய்விடும். அதே 4 ஜிபி, ஒவ்வொன்றும் 200 கேபி அளவுள்ள 20,000 வாட்ஸ்அப் படங்களாக இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் விவரம் கேட்டு, பதில் வாங்கி, படத்தைக் கேட்டு, முடிந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்க 20 மில்லிநொடி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், வெறும் பேச்சுக்கு மட்டும் 400 நொடி போகும். அது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. படம் வந்து சேரும் நேரம் தனி. இதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போனில் உள்ள கோப்பு மேலாண்மைச் செயலியால் அந்தப் படங்களை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, அதே கேபிளில், அதே கணினிக்கு அனுப்பினால், பரிமாற்றம் பல மடங்கு விரைவாக முடியும். கம்பி மாறவில்லை, தரவின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். குறைந்தது கேள்வி-பதில் மட்டுமே. பெரிய கோப்பு பறக்கிறது, சின்னக் கோப்புகள் நகர்கின்றன என்றால் குற்றவாளி கம்பியல்ல, ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற அந்த விதி. கம்பியே குற்றவாளியாகும் இடமும் உண்டு. சார்ஜருடன் வரும் சில மலிவான கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும், தரவுக்கான இரண்டும் இருக்காது. அவற்றால் எத்தனை முறை செருகினாலும் போன் கணினியில் தோன்றப்போவதில்லை. டைப்-சி முனை இருப்பதாலேயே வேகம் வந்துவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2023இல் வந்த ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியது. ஆனால் அதன் அடிப்படை மாடலின் தரவு வேகம் யுஎஸ்பி 2.0 அளவிலேயே நின்றது.

'போன் நிர்வாகியாக இருக்கட்டும், ஏற்கிறோம். அதற்கு இவ்வளவு மந்தமான முறையையா தேர்ந்தெடுப்பது?' என்று ஒருவர் கேட்டால் அங்கே என் வாதம் கொஞ்சம் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். எம்டிபி போனுக்காகப் பிறந்ததல்ல. அதன் தாய்முறை பிடிபி, டிஜிட்டல் கேமராவிலிருந்து படங்களை இறக்குவதற்காக 2000ஆம் ஆண்டு வாக்கில் வகுக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் அதை நீட்டி, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கும், காசு கொடுத்து வாங்கிய பாட்டு திருட்டுத்தனமாகப் பரவாமல் காக்கும் ஏற்பாட்டுக்கும் பயன்படுத்தியது. 2008இல் யுஎஸ்பி அமைப்பு அதைப் பொதுத் தரமாக ஏற்றது. கேமராவிலிருந்து படத்தை எடுப்பீர்கள், அழிப்பீர்கள். அங்கேயே திருத்த மாட்டீர்கள். அதனால் கோப்பின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதி அடிப்படை முறையில் இல்லை. ஆண்ட்ராய்டு தன் பங்குக்குச் சில கூடுதல் கட்டளைகளைச் சேர்த்தது, விண்டோஸ் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. பொருளின் அளவைச் சொல்லும் அடிப்படை இடம் 32 பிட்தான். 4 ஜிபியைத் தாண்டும் வீடியோவின் அளவு அதில் அடங்காது, வேறு வழியாகச் சொல்ல வேண்டும். ஊடகக் குடும்பத்தில் பிறந்ததற்கு இன்னொரு விசித்திரமான விளைவும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2004இல் பிறப்பித்த தீர்ப்பின் காரணமாக, மீடியா பிளேயர் இல்லாத 'என்' வகை விண்டோஸை மைக்ரோசாப்ட் ஐரோப்பாவில் விற்கிறது. மீடியா பிளேயரோடு எம்டிபியும் போய்விட்டது. அந்தக் கணினியில் போனைச் செருகினால், ஊடகத் தொகுப்பைத் தனியாக நிறுவும்வரை போன் தெரியாது. ஆப்பிளின் மேக் கணினிகளில் எம்டிபி இயல்பாக இல்லவே இல்லை; தனிச் செயலி தேவை.

தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு எம்டிபியை நிறைவேற்றிய விதமும் சரியில்லை. கணினி பட்டியல் கேட்டால் போன், உண்மையான ஃபோல்டரைப் பார்க்காமல் கேலரிக்காகத் தான் பராமரித்த ஊடகத் தரவுத்தளத்தைப் பார்த்தே பதில் சொன்னது. ஒரு செயலி கோப்பை எழுதிவிட்டு அந்தத் தரவுத்தளத்திடம் சொல்ல மறந்தால், போனில் கண்ணெதிரே இருக்கும் கோப்பு கணினியில் இருக்காது. போனை மறுபடி தொடங்கினால் தோன்றும். பின்வந்த பதிப்புகளில் நேரடியாகக் கோப்பு முறையையே பார்க்கும்படி மாற்றினார்கள். இவ்வளவு குறையுள்ளதை ஏன் எடுத்தார்கள் என்றால், 2011இல் உலகின் மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ். அதில் எம்டிபி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. சொந்தமாக ஒரு முறையை வகுத்திருந்தால், ஒவ்வொருவரும் முதலில் ஒரு டிரைவரைத் தேடி நிறுவ வேண்டியிருந்திருக்கும். அது போனோடு வந்த குறுந்தகட்டைத் தொலைத்துவிட்டுத் திண்டாடிய பழைய நாள்களுக்குத் திரும்புவது. புரிந்துகொள்ளக்கூடிய தேர்வுதான், பத்தாண்டுக்கு மேலாகியும் அதை மாற்றாமல் வைத்திருப்பதுதான் புரியவில்லை. கம்பி வழியை யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் கிளவுடுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

போனே நிர்வாகியாக இருப்பதன் இன்னொரு பயன் அப்போது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கேபிள் செருகினால் இயல்பு நிலை சார்ஜ் மட்டுமே. உரிமையாளர் திரையைத் திறந்து சம்மதித்தால்தான் எம்டிபி கோப்புகளைக் காட்டும். பொது இடத்துச் சார்ஜிங் முனைகள் வழியே தரவைத் திருடுவதை 'ஜூஸ் ஜாக்கிங்' என்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நிதி மோசடிகள் பற்றிய விழிப்புணர்வுக் கையேட்டிலும் அது இடம்பெற்றது. பழைய முறை நீடித்திருந்தால், ஒரு தடவை பொத்தானை அழுத்தியதும் சேமிப்பகம் முழுவதையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போகலாம். இந்தச் சம்மதப் பூட்டும் உடைக்க முடியாததல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல், சார்ஜர் வேடமிட்ட கருவி விசைப்பலகையாகவும் நடித்து, உரிமையாளருக்குப் பதிலாகத் தானே சம்மதத்தை அழுத்திக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். பூட்டைத் திறக்கும் தந்திரம் கண்டுபிடிக்கப்பட்டால் பூட்டைச் சரிசெய்வார்கள், சரிசெய்தும் வருகிறார்கள். பூட்டே இல்லாத கதவில் சரிசெய்ய எதுவும் இல்லை.

தனியே செருகும் மெமரி கார்டைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். அதில் வங்கிச் செயலியின் தரவு இல்லை, பெரும்பாலும் ஃபேட் வகைதான், அதையாவது டிரைவாகக் கொடுத்தால் என்ன? இது வலுவான கேள்வி. அந்தக் கார்டைப் பொறுத்தவரை தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை. கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதால், அந்தக் கேள்விக்கு அவசரமும் இல்லாமல் போனது. மற்றபடி ஆண்ட்ராய்டு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஐபாடை டிரைவாகப் பயன்படுத்த அனுமதித்த ஆப்பிள், 2007இல் வந்த முதல் ஐபோனிலிருந்தே அந்த வசதியைத் தரவில்லை. விண்டோஸில் ஐபோனைச் செருகினால் அது கேமராவாகத்தான் தெரியும். போட்டி நிறுவனங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்தன. கேபிளே வேண்டாம், வைஃபை வழியே அனுப்பிக்கொள்கிறேன் என்பவருக்கும் விதி மாறவில்லை. அங்கேயும் போன்தான் கோப்பைத் திறந்து, படித்து, அனுப்புகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று படங்களைக் கணினிக்கு மாற்றும்போது 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யாதீர்கள். எம்டிபியில் மாற்றுதல் என்று ஒரே வேலையாகக் கணினி எதையும் செய்வதில்லை. அனுப்பு என்ற கட்டளை ஒன்று, அழி என்ற கட்டளை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, வந்து சேர்ந்த பிரதி முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த முறையில் இல்லை. காப்பி செய்யுங்கள், இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில படங்களை, முக்கியமாகப் பெரிய வீடியோக்களை, கணினியில் திறந்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு போனில் உள்ளவற்றை அழியுங்கள்.